காடைகளுக்குப் பெரட்டு எடுத்தேன்

சென்ற ஆண்டு மாசி மாதத்தின் முதல் திங்கட்கிழமை, காலை ஏழு மணி இருபது. இடம், இலங்கை மலையகத்து டிக்கோயாவில் என் வீட்டின் பின்னறை. வெளியே பனிமூட்டம், தூறல் இல்லை. நாட்குறிப்பைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

அந்த அறையில் பன்னிரண்டு இளம் காடைகள் இருந்தன. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு தாயின் மகள், பல்கலைக்கழகத்தில் விலங்கியல் இறுதியாண்டு படிப்பவள், முறையான அனுமதியுடன் ஆய்வுக்காகக் கொண்டுவந்தவை. லயத்து ஒற்றையறை வீட்டில் இடமில்லாததால் என்னிடம் கேட்டாள். சிறு இடம் போதும், சீக்கிரம் வளரும் என்பதால் நடத்தை ஆய்வுகளுக்குக் காடையைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று நானும் படித்திருந்தேன். ஆசையோடு சம்மதித்தேன்.

வேலை எளிது. ஒவ்வொரு காடையாக ஒரு மரப்பெட்டிக்குள் விட வேண்டும். பெட்டியின் ஓரத்தில் பச்சை விளக்கு எரிந்ததும் அது அங்கே ஓடினால் தீனிக் கிண்ணத்தைத் திறக்க வேண்டும். எத்தனை வினாடியில் ஓடியது என்று எழுத வேண்டும். மூன்று வாரம் பழக்கி, பத்து நாள் இடைவெளி விட்டு, நினைவிருக்கிறதா என்று பார்ப்பதுதான் ஆய்வு.

தொடங்கிய மூன்றாம் நாளே அவளுடைய தாய் வழுக்கி விழுந்து கால் முறிந்து, கண்டி ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். கூட இருக்க வேறு ஆளில்லை. பொறுப்பு என்னிடம் வந்தது. "சத்தமில்லாம செய்யணுங்க ஐயா" என்று மட்டும் சொல்லிப் போனாள்.

நான் ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை. முப்பத்தொரு வருடம் விடிந்ததும் பெரட்டுக் களத்தில் நின்று, ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பியவன். அந்தப் பழக்கத்தில் விளக்கைப் போடும்போதே "ஒண்ணு!", "ரெண்டு!" என்று ஒவ்வொரு காடையின் எண்ணையும் கூப்பிட்டேன். அது எனக்குச் சத்தமாகவே படவில்லை.

பக்கத்துக் கடைக்காரர் சுவருக்கு அப்பாலிருந்து கேட்டார். "என்னாங்க, காடைக்கும் பெரட்டா? பிந்தி வந்தா வெரட்டிருவீங்களே!"

காடைகள் பிந்தவே இல்லை. மூன்றாம் வாரம் எல்லாம் மூன்று வினாடிக்குள் ஓடின. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இடைவெளி முடிந்த காலை அவளே வந்து, வாய் திறக்காமல் சோதித்தாள். விளக்கு எரிந்தது. முதல் காடை தரையைக் கொத்திக்கொண்டு நின்றது. இரண்டாவதும் அப்படியே. பன்னிரண்டும் அசையவில்லை. அறிக்கை கொடுக்க இரண்டே வாரம் இருந்தது.

"எல்லாம் மறந்திருச்சுங்க" என்றாள்.

மனம் கேட்காமல் ஏழாவது காடையை மறுபடி பெட்டிக்குள் விட்டேன். வாய் தானாக "ஏழு!" என்றது. விளக்கைப் போடும் முன்பே அது கிண்ணத்திடம் ஓடி நின்றது.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "தெனமும் இப்படித்தான் கூப்பிட்டீங்களாங்க?"

"ஆமா புள்ள. பெரட்டுல கூப்பிடுற மாதிரி."

காடைகள் எதையும் மறக்கவில்லை. அவை விளக்கைப் படிக்காமல் என்னைப் படித்திருந்தன. இருபத்தொரு பக்கம் எழுதியிருந்தேன். பனி, குளிர், மணி, வினாடி எல்லாம் இருந்தன. என் குரல் மட்டும் எங்குமே இல்லை.

வெட்கத்தில் சொல்லக்கூடாததைச் சொன்னேன். "நீ வெளக்கப் போடு, நான் மெதுவாக் கூப்பிடுறேன். யாருக்குத் தெரியப்போவுது?"

அவள் சிரித்தேவிட்டாள். "காடைக்குத் தெரியுமேங்க ஐயா."

அன்றே விரிவுரையாளருக்குப் போன் செய்து உள்ளதைச் சொல்லி, தவணை கேட்டாள். தாய் வீடு திரும்பியிருந்ததால், புதிய காடைகளோடு முதலிலிருந்து தானே தொடங்கினாள். வீணான மூன்று வாரத்தையும் ஆங்கில அறிக்கையில் மறைக்கவில்லை. அந்தப் பக்கத்தை எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினாள். குற்றத்தை என் மேல் போடுவாள் என்று காத்திருந்தேன். 'உதவியவருக்கு நான் தெளிவாக விளக்கவில்லை' என்று எழுதியிருந்தாள்.

கடைக்காரர் கறிக்குக் கேட்டும் கொடுக்காமல், பல்கலைக்கழகத்தில் அனுமதி பெற்று, அந்தப் பன்னிரண்டையும் நானே வளர்க்கிறேன். இப்போதும் "ஏழு!" என்றால் ஒன்று தலை தூக்கும். அதைப் பார்த்த பிறகு, எதைப் பார்த்து எழுதினாலும், அங்கே நான் என்ன சத்தம் போட்டுக்கொண்டு நின்றேன் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.