உட்காருவதற்காக ஒரு பயணம்: படப்பை – தாம்பரம்

ஆசனவாய் வலிக்கு ஊசி போடப் போனதையெல்லாம் பயணக் கட்டுரையாக எழுதுவார்களா என்று கேட்காதீர்கள். நான் தேடியபோது தமிழில் ஒன்றும் கிடைக்கவில்லை, அதனால் எழுதுகிறேன். எனக்குத் தென்காசிப் பக்கம். படப்பையில் அறை, ஒரகடம் தாண்டி ஓர் உதிரிபாகக் கம்பெனியில் வேலை. இரண்டு வருடமாக உட்கார்ந்தால் உயிர் போகும் வலி. எடுக்காத டெஸ்ட் இல்லை, எல்லாமே நார்மல். கம்பெனி பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டுதான் போவேன். அடுத்த நிறுத்தத்தில் ஏறும் பேக்கிங் பிரிவு ஸ்டெல்லா அக்காவுக்கு என் சீட். தங்கமான பிள்ளை என்று சர்ச்சில் எனக்காக ஜெபம் வேறு செய்தாராம்.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, காலை 7.10க்கு ஷேர் ஆட்டோ. தாம்பரம் 13 கிலோமீட்டர், நாற்பது ரூபாய், நாற்பது நிமிடம். நான் சாய்ந்து உட்கார்ந்ததை டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

“இன்னா தலீவா, ஒரு சைடா குந்திகினு வர்ற? பைல்ஸா?”

மொத்த ஆட்டோவும் திரும்பியது. “இல்லண்ணே, எல்லா டெஸ்ட்டும் நார்மல்னுட்டாங்க.”

“நார்மல்னா அப்பால இன்னாத்துக்கு ஆஸ்பத்திரி?”

நியாயமான கேள்வி. இந்த டாக்டரும் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவாரோ என்ற பயம் எனக்கும் இருந்தது.

தாம்பரம் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா விரலால் உள்ளே ஓரிடத்தில் அழுத்தினார். துள்ளிவிட்டேன். “இங்கதான? ஒரு தசை இறுகியே இருக்கு. ஸ்கேன்ல தெரியாது. உங்க வலி நிஜம்தான்,” என்றார். அந்தக் கடைசி வார்த்தைக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆறு வாரம் தசையைத் தளர்த்தும் பயிற்சி. கொஞ்சம்தான் குறைந்தது. இரண்டாம் பயணத்தில், லேசான மயக்கத்தில், ஊசி. முகச் சுருக்கத்துக்குப் போடும் அதே மருந்தாம். பலனை யாரிடமும் காட்டத்தான் முடியாது.

போகிறவர்களுக்கு: திரும்பி வரத் துணை அவசியம். பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகலாம், சில மாதம்தான் நிற்கும், எல்லோருக்கும் கேட்கும் என்றும் இல்லை. கொஞ்ச நாள் காற்று நம் அனுமதி கேட்காமல் பிரியும், கம்பெனி லைனில் பக்கத்தில் நின்று வேலை பார்ப்பவர் பாவம். டாக்டரிடம் மட்டும் வெட்கப்படாதீர்கள். நான் அதிலேயே ஒரு வருடத்தை வீணடித்தேன்.

ஊசி போட்ட பன்னிரண்டாம் நாள் கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். எழுந்திருக்கவே தோன்றவில்லை. அடுத்த நிறுத்தத்தில் ஏறிய ஸ்டெல்லா அக்கா என்னைப் பார்த்துப் பதறிவிட்டார்.

“இன்னாப்பா, குந்திகினு கீற? உடம்பு கிடம்பு சரியில்லியா?”

“இப்பந்தான்க்கா சரியாயிருக்கு.”