மகளின் பதவியைப் பறிக்கப் போனேன்

திண்டிவனத்தில், ஆண்கள் பள்ளியாக இருந்து சமீபத்தில் பெண்களையும் சேர்த்த பள்ளியில் என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். மாணவர் தலைவியும் அவள்தான். எப்போதும் பையன்களோடு பேசிக்கொண்டு நிற்கிறாள் என்று உறவினர்கள் சொன்னதும் பயந்துபோனேன். அவளைப் பதவியிலிருந்து எடுத்துவிடச் சொல்லலாம் என்று பள்ளிக்குப் போனேன்.

தலைமையாசிரியர் அறை வாசலிலேயே அவள் குரல் கேட்டது. "பொண்ணுங்க பாத்ரூமுக்குத் தாழ்ப்பாளே இல்ல சார். அதுக்குப் பயந்துக்கினு நாங்க யாரும் தண்ணியே குடிக்கறதில்ல."

"நாளைக்கே போட்டுடலாம்மா" என்றார் அவர்.

தினமும் பள்ளி விட்டு வீட்டுக்கு வந்ததும் அவள் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பது ஏனென்று அப்போதுதான் புரிந்தது.

வெளியே வந்தவள், "இன்னாம்மா, எதுக்கு வந்தே?" என்றாள்.

"சும்மாதான், உன்னப் பாக்கலாம்னு" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இப்போதெல்லாம் யார் எது சொன்னாலும், முதலில் அவளிடம்தான் கேட்கிறேன். "இன்னிக்கு ஸ்கூல்ல இன்னா நடந்துச்சு, சொல்லுடி."