செங்கொடி ஊதிய விசில்

திருவொற்றியூரில் ஏறி எண்ணூர்ப் பக்கம் போகும் பஸ்ஸில் கடைசி நிறுத்தம்வரை உட்கார்ந்திருந்தால், அந்தக் காட்டின் வாசலிலேயே இறக்கிவிடுவார்கள். காடு என்றால் மலைக்காடு அல்ல. கழிமுகத்தை ஒட்டிய சேற்றில் கண்டலும் தில்லையும் அடர்ந்து, மேட்டில் புங்கனும் வேம்பும் கலந்து நின்ற ஒரு துண்டு நிலம். சுற்றிலும் புகைபோக்கிகளும் குழாய்களும் வந்து மிச்சமிருந்த அந்தத் துண்டுக்கு ஆறு வருடம் முன்பு வேலி போட்டு, உள்ளே பலகையில் நடைபாதை கட்டி, காப்புக்காடு என்று எழுதி வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தண்ணீர் பாட்டிலும் தொப்பியுமாக ஜனம் வந்து இறங்கியது. அவர்களை உள்ளே நடத்திக்கொண்டு போய் மரம் காட்டும் வேலை செங்கொடிக்குக் கிடைத்தது.

அந்தக் காட்டை அவளுக்குக் காட்டியவள் அவளுடைய நாத்தனார் மங்கம்மா. பத்தொன்பது வயதில் திருமலையைக் கட்டிக்கொண்டு குப்பத்துக்கு வந்தபோது செங்கொடிக்குச் சேற்றில் நிற்கவே தெரியாது. மங்கம்மாவுக்கு அப்போது பதினான்கு வயது. இறாலைக் கையால் தடவிப் பிடிக்கவும், பிடித்ததைப் போடும் ஓலைக்கூடையான பறியைப் பல்லால் கடித்துத் தொங்கவிடவும் அவள்தான் பழக்கினாள். "பயப்படாத அண்ணி, சேறு ஒண்ணும் உன்ன தின்னுடாது" என்று கையைப் பிடித்து இழுத்துப் போவாள். எந்த வேருக்கடியில் எது ஒளியும், எந்த மரத்தைத் தொடக்கூடாது என்பதெல்லாம் மங்கம்மா சொல்லித்தான் செங்கொடிக்குத் தெரியும்.

பிறகு தண்ணீரில் சாம்பல் கலந்தது. இறால் குறைந்தது. திருமலைக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டு கடலுக்குப் போவது நின்றது. ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு செங்கொடி போய் நின்றாள். மேற்பார்வையாளர் இக்னேஷியஸ் பத்து மரத்தைக் காட்டிப் பேர் கேட்டார். பத்தையும் சொன்னாள். பச்சைச் சட்டையும் கழுத்தில் மாட்ட ஒரு விசிலும் கொடுத்தார்கள். உள்ளே யாராவது விறகு பொறுக்கினாலோ இறால் பிடித்தாலோ விசில் அடிக்க வேண்டும். பார்த்தும் அடிக்காவிட்டால் வேலை இல்லை. அப்படி ஒருத்தியை வேலையைவிட்டு அனுப்பியும் இருந்தார்கள்.

மங்கம்மாவும் அதே வேலைக்குக் கேட்டிருந்தாள். படிக்கத் தெரியாது என்று எடுக்கவில்லை. குழாயடியில் அத்தனை பேருக்கும் நடுவில் அவள் சொன்னாள்:

"இன்னா அண்ணி, சட்டைலாம் போட்டுகினு ஆபீசர் கணக்கா கீறே! நம்ம எடத்துக்கு நமக்கே கதவு. அத்த சாத்துறதுக்கு நீ ஆளா?"

எல்லோரும் சிரித்தார்கள். செங்கொடி குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஆனால் அந்தச் சிரிப்பு அவளுக்குள் புளித்துக்கொண்டே கிடந்தது.

போன வருடம் ஒரு ஞாயிறு. பதினைந்து பேரை அழைத்துக்கொண்டு நடைபாதையின் இரண்டாவது வளைவில் திரும்பினாள். கண்டல் வேர்களுக்கு நடுவே, இடுப்பளவுத் தண்ணீரில், குனிந்த முதுகு ஒன்று தெரிந்தது. முதுகு நிமிர்ந்தது. மங்கம்மா. வாயில் பறி இருந்ததால் அவளால் பேச முடியவில்லை. ஓலையைக் கடித்தபடியே அண்ணியைப் பார்த்துச் சிரித்தாள். காட்டிக்கொடுக்க மாட்டாள் என்ற நிச்சயம் அந்தச் சிரிப்பில் இருந்தது.

"மேடம், அங்க யாரோ மீன் பிடிக்கிறாங்க. இங்க அதெல்லாம் பண்ணலாமா?" என்று ஒருவர் போனைத் தூக்கிப் படம் எடுக்கத் தொடங்கினார்.

நம்ம ஆளுதான், வேர் சுத்தம் செய்கிறாள் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பொய் அவள் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் குழாயடிச் சிரிப்பும் அதே நேரத்தில் வந்தது. செங்கொடி விசிலை வாயில் வைத்து மூன்று முறை ஊதினாள். பயத்தில்தான் ஊதினேன் என்று பிற்பாடு எல்லோரிடமும் சொன்னாள். ஊதிய நொடியில் வாய்க்கு அது இனித்தது என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

இக்னேஷியஸும் இரண்டு காவலர்களும் வாசல் பக்கமிருந்து ஓடி வந்தார்கள். மங்கம்மாவுக்கு ஓட ஒரே திசைதான் மிச்சம். அங்கே தில்லைப் புதர். அந்தக் கரையில் பிறந்த யாரும் அதற்குள் கை வைக்க மாட்டார்கள். மங்கம்மா இரண்டு கையாலும் கிளைகளை விலக்கி, முகத்தை முன்னால் நீட்டிக்கொண்டு உள்ளே பாய்ந்தாள். கிளைகள் படபடவென்று ஒடிந்தன. அதற்குப் பிறகு வந்த அலறலில் நடைபாதையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"என்ன ஆச்சு? அது என்ன மரம்?" என்று ஒரு பெண் கேட்டாள்.

செங்கொடிக்குப் பழக்க தோஷத்தில் பதில் வந்துவிட்டது. "தில்லைங்க. ஒடிச்சா பால் வரும். கண்ணுல பட்டா பார்வை போயிடும்."

அந்தப் பெண் நோட்டில் குறித்துக்கொண்டாள்.

மங்கம்மா எரிச்சல் தாங்காமல் அந்தச் சாம்பல் தண்ணீரையே அள்ளி அள்ளிக் கண்ணில் அடித்தாள். இழுத்துவந்து வாசலில் உட்கார வைத்தார்கள். "மொதல்ல எழுதி வாங்கணும், கைநாட்டு வைக்கட்டும், அப்புறம் ஆஸ்பத்திரி" என்றார் இக்னேஷியஸ். ஒரு மணி நேரம் ஆயிற்று. மங்கம்மாவின் விரலைப் பிடித்துக் காகிதத்தில் அழுத்தும் வேலையையும் செங்கொடியைத்தான் செய்யச் சொன்னார்கள். அந்தக் கையை மங்கம்மா தடவிப் பார்த்தாள்.

"அண்ணியா?" என்றாள்.

வலது கண் பிழைத்தது. இடது கண் புண்ணாகி வெள்ளை படர்ந்து அவிந்துபோனது.

திருமலை அன்றைக்குச் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தான். "உனுக்கு சேத்துல கால் வெக்கக் கத்துக்குடுத்தவ அவ. அவ கண்ண நீ அவிச்சிட்டு வந்து எனக்கு சோறு போடுறியா?" இரண்டு லுங்கியையும் மருந்துப் பையையும் எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்விட்டான். எதிர்ச் சாரியில் மூன்றாவது வீடு. அவன் இருமுவது இங்கே கேட்கும்.

வேலையை விட்டுவிடலாம் என்று செங்கொடி நினைத்தாள். விட்டாலும் குப்பம் அவளைச் சேர்க்கப் போவதில்லை என்றும் தெரிந்தது. அதனால் போனாள். சில வாரம் கழித்து இக்னேஷியஸ் கூப்பிட்டுச் சொன்னார்: "ஜனங்க அந்த தில்லைக் கதையத்தான் கேக்குறாங்க. போற வழியில நீங்களே சொல்லுங்க. நடந்ததுதானே?"

முதலில் மறுத்தாள். பிறகு சொல்லத் தொடங்கினாள். ஒரு பெண் திருட்டுத்தனமாக உள்ளே வந்தாள், காவலர் விசில் அடித்தார், அவள் புதருக்குள் ஓடினாள், கண் போயிற்று. நாலைந்து முறை சொன்னதும் தடங்கலில்லாமல் வந்தது. எந்த இடத்தில் நிறுத்தினால் கேட்பவர்கள் மூச்சை இழுப்பார்கள் என்பது பிடிபட்டது.

இந்த மாசியில் ஒரு ஞாயிறு, பஸ்ஸிலிருந்து இறங்கிய கூட்டத்தில் மங்கம்மாவும் இறங்கினாள். முன்பெல்லாம் குப்பத்திலிருந்து நடந்தே வந்த இடம். வேலிக்குப் பிறகு மூன்று நிறுத்தம் சுற்றி வர வேண்டும். டிக்கெட் வாங்கினாள். யாராலும் தடுக்க முடியவில்லை. நடைபாதை முழுக்க மங்கம்மா கடைசி ஆளாக வந்தாள். தில்லைப் புதர் வந்ததும் கூட்டம் நின்றது. ஒருவர் கேட்டார், "இங்கதானே அந்தச் சம்பவம்?"

செங்கொடி சொன்னாள். "காவல்காரர் விசில் அடிச்சாரு" என்ற இடத்தில் பின்னாலிருந்து சத்தம் வந்தது.

"யாரு ஊதுனாங்க அண்ணி? நல்லா ரோசன பண்ணி சொல்லு."

எல்லோரும் திரும்பினார்கள். அந்தக் கண்ணைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. ஒரு பெண் நெருங்கிப் போய், "அக்கா, உங்ககூட ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்றாள். பதிலுக்குக் காத்திராமல் மங்கம்மாவின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, போனைச் செங்கொடியிடம் நீட்டினாள்.

"கிட்ட வந்து எடு. இந்தக் கண்ணு நல்லா தெரியணும்" என்றாள் மங்கம்மா.

செங்கொடி எடுத்தாள். சரியாக விழவில்லை என்று அந்தப் பெண் இன்னொரு முறை எடுக்கச் சொன்னாள். மறுபடியும் எடுத்தாள்.

அன்று மாலை இக்னேஷியஸ் ஏகக் குஷியில் இருந்தார். "அந்தம்மாவ வாரா வாரம் வரச் சொல்லுங்க. டிக்கெட் வேணாம்" என்றார்.

சொல்லி அனுப்ப வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் முதல் பஸ்ஸில் மங்கம்மா வந்துவிடுகிறாள். பேசாமல் கடைசியில் நடந்து வருகிறாள். தில்லைப் புதரடியில் மட்டும் அந்த ஒரு கேள்வியைக் கேட்கிறாள். செங்கொடி பதினைந்து இருபது பேர் முன்னால் நின்று, "நான்தான் ஊதுனேன்" என்கிறாள். பிறகு அவர்களைப் புங்க மரத்தடிக்கு அழைத்துப் போகிறாள்.