ஆசுப்பத்திரி மணமுள்ள விஸ்கி

என் மகளை என் கணவரின் அக்காவிடம் மறுபடியும் தனியே விடலாமா? ஒரு வருடமாகப் போகிறது. எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை.

மகள் பிறந்த கிழமையில்தான் அந்தப் போத்தல் வீட்டுக்கு வந்தது. கணவரோடு வேலை செய்பவர்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்தது. ஸ்கொட்லாந்துக் கரையோரத் தீவொன்றில் செய்த சிங்கிள் மால்ட் விஸ்கி. எங்கள் வீட்டில் யாரும் குடிப்பதில்லை. ஆனாலும் அவர் அதைப் பற்றி எங்கோ வாசித்துவிட்டு வந்து சொன்னார். அந்தத் தீவில் விறகுக்கு மரம் போதாதாம். பாசியும் புல்லும் உக்கிப் படிந்த சதுப்பு மண்ணைக் கட்டிகட்டியாக வெட்டிக் காயவைத்து எரிப்பார்களாம். இங்கே ஜெர்மனியில் பூக்கன்றுக் கடையில் தோர்ஃப் என்று விற்கிறார்களே, அதே மண். முளைவிட்ட பார்லியை அந்தப் புகையில் உலர்த்துவார்கள். பிறகு புளிக்கவைத்து, வடித்து, மரப் பீப்பாயில் வருடக்கணக்கில் வைத்தாலும் அந்த மணம் போகாது. எங்களுடையது தண்ணீர் கலந்து வீரியத்தைக் குறைக்காமல் பீப்பாயில் இருந்தபடியே அடைத்தது. கடுமை கூடியது.

அப்போது மச்சாள், கணவரின் அக்கா, எங்களோடு வந்து நின்றார். தாயில்லாமல் போன தம்பியை வளர்த்து, ஜெர்மனிக்குக் கூப்பிட்டு எடுத்தவர் அவர்தான். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. எனக்குப் பிள்ளை பெற்றவளுக்கான சரக்குத்தூள் கறி சமைத்துத் தந்து, முப்பத்தோராம் நாள் பிரசவத் துடக்குக் கழித்துவிட்டுப் போவதற்காக, வேலையில் லீவு எடுத்துக்கொண்டு பீலெஃபெல்டிலிருந்து வந்திருந்தார்.

"மண்ணை எரிச்சுச் சாராயமோ?" என்று சிரித்தார். "ஊரிலை எங்கடை தீவிலையும் விறகு இல்லைத்தான். நாங்கள் எருவரட்டியை எரிச்சுப் பிட்டெல்லோ அவிச்சனாங்கள்."

"மணந்து பாருங்கோ அக்கா," என்று கணவர் மூடியைத் திறந்து நீட்டினார்.

மச்சாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஐயோ, ஆசுப்பத்திரி மணமடா! புண்ணுக்குப் போடுற அயடினும் அடுப்புப் புகையும். இதைக் காசு குடுத்து வாங்கிக் குடிக்கினமோ?"

"மருந்து மாதிரி மணக்கும், அதுதான் அக்கா இதின்ரை பேர்போன குணம்."

மூவரும் சிரித்தோம். நானும்தான்.

மூன்றாம் கிழமை மகளுக்குத் தடிமன் பிடித்தது. ஊரில் பிள்ளை பெற்றவளுக்குப் பிரண்டி கொடுப்பார்கள், சளி பிடித்த குழந்தைக்கு நெஞ்சில் தடவுவார்கள். பால் கொடுக்கிறேன், எனக்குப் பிரண்டி வேண்டாம் என்று முதலே சொல்லியிருந்தேன். குழந்தையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டுமோ?

மத்தியானம் படுத்து எழும்பியபோது மகள் அவர் மடியில் அசையாமல் கிடந்தாள்.

"பாத்தியே பிள்ளை, என்ன நித்திரை! நெஞ்சு இரையிறதும் நிண்டிட்டுது."

நான் சந்தோஷப்பட்டேன். அதையும் சொல்லத்தான் வேண்டும். பிறகு பால் கொடுக்கத் தூக்கினேன். வாய் திறக்கவில்லை. கை துணிபோலத் தொங்கியது. சட்டைக்குள் நெஞ்சோடு சேர்த்து ஈரத் துணி ஒன்று மடித்துக் கட்டியிருந்தது. எரிந்த மண்ணின் மணம்.

ஆசுப்பத்திரியில் சட்டையைக் கழற்றிய தாதி, "வீட்டில் யார் புகைப்பது?" என்று கேட்டார். ஒருவரும் இல்லை என்றேன். டொக்டர் குனிந்து முகர்ந்து பார்த்தார். "குழந்தைக்கு என்ன பூசினீர்கள்?" நான் மச்சாளுக்குத் தமிழில் சொல்வதற்குள் அவரே டொச் மொழியில் பதில் சொல்லிவிட்டார். "நான்தான். விஸ்கி."

இவ்வளவு சின்னக் குழந்தையின் தோல் மதுவை உள்ளே இழுத்துவிடும், இரத்தத்தில் சீனி இறங்கிவிடும் என்று டொக்டர் விளக்கினார். மச்சாள் தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு எனக்கு மட்டும் மெதுவாகச் சொன்னார்: "வீட்டிலை பிரண்டி இல்லையெல்லோ. இது அதைவிட மருந்து எண்டு நினைச்சிட்டன்."

சீனித் தண்ணீர் ஊசிவழியாக ஏற்றினார்கள். மகள் கண் திறந்து அழும்வரை மச்சாள் நடைபாதைக் கதிரையில் இருந்தார். உள்ளே வரச் சொல்லி நான் கூப்பிடவில்லை.

ஆசுப்பத்திரி சிறுவர் நல அலுவலகத்துக்கு அறிவித்தது. அங்கிருந்து ஒரு பெண் வீட்டுக்கு வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். "குழந்தையை யாரோடு தனியே விடுவீர்கள்?"

"என்னைத் தவிர ஒருவரோடும் விடமாட்டேன்," என்றேன்.

குசினியில் மச்சாள் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. அன்று பின்னேரமே மச்சாள் பெட்டியைக் கட்டினார். முப்பத்தொன்றுக்குக்கூட நிற்கவில்லை. கணவர் விஸ்கியைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றினார். குசினி பல நாட்கள் அணைந்த அடுப்புப்போல மணத்தது.

இந்தக் கோடையில் ஊன்ட்றொப் ஊர்த் தமிழ்க் கோயிலின் தேர்த் திருவிழாவுக்குப் போனபோது அவரைக் கண்டோம். அவர் யாரென்று தெரியாமலே மகள் அவரிடம் இரண்டு கையையும் நீட்டினாள். மச்சாள் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேண்டாம் பிள்ளை. கை ஊத்தை."

அப்போதுதான் அவர் கை கால் முகம் கழுவிவிட்டு வந்திருந்தார்.

இப்போது நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். குழந்தைகள் காப்பகத்தில் இடம் கிடைக்கவில்லை. "அக்காவைக் கேப்பம். அவ இனி உன்னைக் கேக்காமல் தண்ணியும் பருக்கமாட்டா," என்கிறார் கணவர். அது உண்மைதான் என்று நினைக்கிறேன். நினைத்தபடியே, மகளைக் குளிப்பாட்டித் துடைக்கும்போது நெஞ்சை முகர்ந்து பார்க்கிறேன். சவர்க்காரம்தான் மணக்கிறது. திரும்பவும் முகர்கிறேன்.

பிள்ளை வளர்த்தவர்கள் இதை வாசித்தால் எனக்குச் சொல்லுங்கள். அவரைக் கூப்பிடலாமா? கூப்பிடுவதென்றால், நான் அன்று சொன்னதைக் கேட்டுக்கொண்டு நின்றவரிடம் முதலில் என்ன சொல்ல வேண்டும்?