ஏரிக்காவலாளிக்குத் தெரிந்த தண்ணீர்

ஐப்பசி முதல் திங்கட்கிழமை காலை என் கைபேசிக்கு வந்த செய்தி, எழுத்து மாறாமல்: “அண்ணே, வர்ற ஞாயிறோட நாங்க நிறுத்திக்கறோம். குருட்டாம்போக்குல நடக்கறதுக்கு ஜெயங்கொண்டத்துலேர்ந்து பஸ் ஏறி வரணுமா?”

அனுப்பியவர் மருந்துக்கடை வைத்திருக்கும் பெண். அவரும் கணவரும் ஞாயிறுதோறும் அரியலூரில் என் வீட்டுக்கு வந்து மேசையில் கதை விளையாடுவார்கள். உலகத்தை நான் சொல்வேன். தங்கள் பாத்திரம் அதில் என்ன செய்கிறது என்று அவர்கள் சொல்வார்கள். நிச்சயமில்லாததைப் பகடை முடிவு செய்யும். அவர்கள் இருவரை விட்டால் எனக்கு இங்கே ஆள் கிடையாது. பெரம்பலூர் வரை விசாரித்துப் பார்த்தவன் நான்.

முந்தைய நாள் நடந்தது இது. கதையில் அந்தப் பெண் ஓர் ஏரிக்காவலாளி. வற்றிய ஏரிக்குள் குறுக்கு வழியாக இறங்கினார். மேல் ஏரி நிரம்பி வழிவதை நான் சொல்லவில்லை. திடுக்கிட வைக்கலாம் என்று ஒளித்து வைத்திருந்தேன். வெள்ளம் வந்தது, பகடையும் கைவிட்டது. கழுத்தளவு தண்ணீரில் ஆட்டம் நின்றது.

செய்தியில் சொன்ன அடுத்த ஞாயிறு வந்தவர் உட்காருவதற்கு முன்பே கேட்டார்: “அவன் ஏரிக்கரையிலயே பொறந்து வளர்ந்தவன்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க? மேல் ஏரி ரொம்புனா கீழ தண்ணி வரும்னு அவனுக்குத் தெரியாதா?”

கணவர் இடையில் புகுந்தார். “வூட்ல இவளும் உங்கள மாதிரித்தாண்ணே. உப்பு டப்பா எங்கன்னு கேட்டா, தேடிப் பாருங்கம்பா.”

“நீங்க சும்மா இருங்க.”

கதையில் வரும் எதிரியின் மனத்தில் இருப்பதை நான் மறைக்கலாம். காவலாளி பிறந்ததிலிருந்து பார்த்து வருவதை எப்படி மறைப்பது? காட்சியைக் கரையிலிருந்தே மறுபடி தொடங்கினேன். இம்முறை எல்லாவற்றையும் சொன்னேன்: இரண்டு நாள் மழை, மேல் ஏரி வழிகிறது, உச்சிப்பொழுதுக்குள் இங்கே வெள்ளம்.

சொல்லிவிட்டால் கதை சப்பென்று போய்விடும் என்று பயந்திருந்தேன். அவர் மேசையில் விரித்திருந்த ஏரி வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏரி நடுவில், கணவரின் பாத்திரமான வண்டிக்காரன் மாடுகளோடு சேற்றில் சிக்கியிருந்தான்.

“தெரிஞ்சேதான் எறங்கறேன்” என்று பகடையை எடுத்தார்.

அது உருண்டு நின்றது. வண்டி வெள்ளத்தோடு போய்விட்டது, வண்டிக்காரனையும் மாடுகளையும் கரைசேர்த்துவிட்டார்.

கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: “ஆனா அண்ணே, தண்ணி உச்சிக்குள்ள வராது. எங்க ஊர் ஏரியில பொழுது சாயத்தான் வரும். ஊர்ல இருக்கற மாமாகிட்ட கேட்டுட்டு வந்து சொல்றேன்.”

‘வந்து சொல்றேன்’ என்று காதில் விழுந்த பிறகுதான், அவர்கள் நிறுத்தப்போவதில்லை என்று எனக்குப் புரிந்தது.

அவர் ஊர் ஏரிக்குத் தண்ணீர் உச்சியில் வருமா, பொழுது சாய வருமா என்பது இதை எழுதும்வரை உறுதியாகவில்லை.