மேடம் நெற்றியில் குங்குமம்

ஓசூரில் நான் வேலை பார்க்கும் பெரிய பயோடெக் கம்பெனியில், பாட்டிலுக்குள் வாழைக்கன்று வளர்க்கிறோம். துளி தூசி விழுந்தாலும் பூஞ்சை பிடித்துவிடும். ஒருநாள் மறதியாக நெற்றிக் குங்குமத்தோடு வளர்ப்பு அறைக்குள் நுழைந்த என்னை, எல்லோர் முன்னாலும் சூப்பர்வைசர் மேடம், "எட்டாங்கிளாஸ் புத்தி! வெளிய போடி" என்று விரட்டினார். வேலை போய்விடுமோ என்று பயந்தேன். ஆனாலும் கறுவிக்கொண்டே காத்திருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு, மேடமே குங்குமத்தோடு வந்தார். கூடவே பெங்களூர் அதிகாரிகள். வளர்ப்பு அறைக் கதவை மறித்தேன்.

"நெத்தியில குங்குமம் இருக்குது மேடம். வெளிய போங்க."

மேடம் முகம் கறுத்தது. மறுநொடியே சிரித்தார்.

"பாத்தீங்களா சார்? இவளுக்கு ட்ரெயினிங் குடுத்ததே நான்தான்!"

அதிகாரிகள் அவருக்குக் கைதட்டினார்கள்.

வேலை தப்பியது நிம்மதிதான். ஆனால், நான் தீர்த்த பழியையும் அவரே பிடுங்கிக்கொண்டார். போகட்டும். வெள்ளிக்கிழமை வாராவாரம் வரத்தானே செய்கிறது?