காற்றைவிட ஐந்து மடங்கு கனம்

சல்ஃபர் ஹெக்ஸாஃபுளூரைடு என்ற வாயுவின் குணங்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நிறம் கிடையாது. மணம் கிடையாது. எரியாது. விஷமில்லை. காற்றைவிட ஐந்து மடங்கு கனம். தொண்ணூறுகளின் கடைசியில் டிப்ளமோ முடித்துவிட்டு, கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல்காட்டு நடுவில் இருந்த ஒரு துணைமின் நிலையத்தில் காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர் வேலைக்குப் போனபோது, இந்தப் பட்டியலை ஒப்பித்துத்தான் வேலை வாங்கினேன். பெரிய மின்சாரத்தை நிறுத்தும் பிரேக்கருக்குள் பொறியை அணைக்கிற வாயு அது. சிலிண்டரில் வரும். நாங்கள் கேஸ் என்போம்.

அங்கே கூலிக்கு வந்தவர்களில் நாகலாபுரத்துக்காரர் ஒருவர். அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. கம்பும் உளுந்தும் கருகிப்போகவே கேபிள் இழுக்க வந்துவிட்டார். நாற்பது வயது இருக்கும். ஆள் பனைமரம் மாதிரி, குரல் மட்டும் கீச்சுக்குரல். அவர் வாயைத் திறந்தாலே எங்களுக்குச் சிரிப்பு. எனக்கு இருபத்திரண்டு வயசு, திமிருக்குக் குறைச்சல் இல்லை.

ஒரு திங்கட்கிழமை காலை ஸ்விட்ச் ரூமைத் திறந்தோம். ஞாயிறு முழுக்கப் பூட்டிக் கிடந்த அறை. மூலையில் நின்ற சிலிண்டரின் வால்வை யாரோ சரியாக மூடவில்லை. மீட்டர் முள் பூஜ்யத்தில் கிடந்தது. பார்த்தேன், "போச்சு" என்று அலுத்துக்கொண்டேன், அவ்வளவுதான். தரைக்கு அடியில் ஆள் உயரத்துக்கு கேபிள் பள்ளம். அதற்குள் இறங்கி ஒரு கேபிளை நகர்த்த வேண்டும்.

அவர் பள்ளத்தின் ஓரத்தில் குத்தவைத்து மோந்து பார்த்தார். "வாடை ஒண்ணும் இல்ல சார். ஆனாலும் ஒரு அரிக்கன் வெளக்க ஏத்தி உள்ள விட்டுப் பாத்துட்டு இறங்குதேன். எங்க ஊர்ல பாழுங்கெணத்துல அப்படித்தான் இறங்குவோம். வெளக்கு அணைஞ்சா ஆளு இறங்கக்கூடாது."

"இது என்ன உங்க ஊர்க் கெணறா அண்ணாச்சி? ஸ்விட்ச் ரூமுக்குள்ள நெருப்புக் கொண்டாரக்கூடாது. போர்டு மாட்டியிருக்கது தெரியலையா? இந்தக் கேஸ்ல விசமே கிடையாது. சும்மா இறங்குங்க" என்றேன்.

பொய்யில்லை, விஷம் கிடையாதுதான். ஆனால் அவ்வளவு கனமான வாயு பள்ளத்தைத் தேடித்தானே போய்ப் படுக்கும்? அங்கிருந்த காற்றை மேலே தள்ளிவிட்டு அதுதானே நிறைந்து கிடக்கும்? ஆறாங்கிளாஸ் பிள்ளைக்குத் தெரியும். எனக்கு உறைக்கவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். உதவாமல் போனால்கூடப் பரவாயில்லை, என்னுடையது ஒரு மனுஷனைக் குழிக்குள் இறக்கியது.

இறங்கினார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "சார்... ஒரு மாதிரி வருது சார்."

அது அவர் குரலாகவே இல்லை. அடிவயிற்றிலிருந்து கிளம்பும் கட்டைக்குரல். அந்த வாயு உள்ளே போனால் குரல் அப்படித் தடித்துவிடும். அதையும் நான் படித்திருந்தேன். அடப்பாவி, படித்திருந்தேன். ஆனால் எனக்கு வந்தது சிரிப்பு. "என்ன அண்ணாச்சி, ராசா வேசம் கட்டியாச்சா? வசனத்த எடுத்து விடுங்க!" என்று கத்தினேன். பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். உள்ளேயிருந்து இன்னொரு தடவை "சார்" என்றார். அதற்கும் சிரித்தோம்.

பிறகு சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தபோது குப்புறக் கிடந்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி, கயிறு கட்டித் தூக்கி, வேனில் கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியிலேயே உயிர் போய்விட்டது. இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

பதினாறு முடிந்த பிறகு அவர் மனைவி வந்து நிலையத்தின் கேட் அருகே நின்றார். அழவில்லை.

"நீங்கதான் மேல நின்னியளாம். அவிய கடைசியா என்ன சார் சொன்னாக?"

"ஒண்ணும் சொல்லலம்மா."

"ஒரு சத்தங்கூடவா போடல?"

"இல்லம்மா."

"அதானே. போட்டிருந்தா நீங்க சும்மாவா நிப்பிய? ஓடிப்போய்த் தூக்கியிருப்பியளே" என்றார்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.